பாரதக் கூத்து பார்க்கக் கிளம்புமுன்: எந்த ராத்திரி, எங்கே உட்காருவது, எப்போது தூங்குவது

கேள்வி சுருக்கமாக: நகரத்திலேயே வளர்ந்த குடும்பம். இந்தக் கோடையில் வடமாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோவில் ஒன்றில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தைப் பார்க்க ஆசை. கூட 65 வயது அம்மாவும் 10 வயதுப் பையனும் வருகிறார்கள். எந்த நாளில் போவது, என்ன எடுத்துப்போவது, பாட்டு புரியாவிட்டால் என்ன செய்வது, இரவு முழுக்கத் தாங்குமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் வாங்கி, மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கைதட்டிவிட்டு எழுந்து வரும் நாடக விழா இல்லை இது. கோவில் திருவிழா. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, நடுநடுவே கோவில் சடங்குகள் என மூன்றும் ஒரே கதையை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகும். பிற்பகலில் பிரசங்கியார் எந்தக் கட்டத்தைச் சொல்லி நிறுத்துகிறாரோ, அநேகமாக அன்று இரவு அதுதான் களரியில், அதாவது கூத்தாடும் இடத்தில், ஆடப்படும். அதனால் 'ஏதோ ஒரு நாள் காலி இருக்கிறது, போய்விட்டு வரலாம்' என்று கிளம்பினால் பாதி புரியாது, மீதி அலுக்கும். நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மாசியிலிருந்து ஆடி வரை இந்த விழாக்கள் நடக்கும். சித்திரை, வைகாசியில்தான் நெருக்கம். அறுப்பு முடிந்து நிலம் சும்மா கிடக்கும் காலம், ஆட்களுக்கும் ஓய்வு. திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, வேலூர் மாவட்டங்கள்தான் இதன் வீடு. ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர், செஞ்சி, உத்திரமேரூர், ஆற்காடு சுற்றுவட்டாரத்தில் பேருந்து நிலையச் சுவரையும் டீக்கடைத் தட்டியையும் பார்த்தாலே நோட்டீஸ் கண்ணில் படும். இணையத்தில் தேடுகிறவர்கள் 'தெருக்கூத்து' என்று போட்டுத் தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்பார்கள். நோட்டீஸில் அச்சாகும் சொற்கள் வேறு: 'அக்னி வசந்த விழா', 'மகாபாரதச் சொற்பொழிவு', 'கட்டைக்கூத்து நாடகம்'. இவற்றோடு ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள்.

நோட்டீஸ் கையில் கிடைத்ததும் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, தேதி. 12ஆம் தேதி இரவு 10 மணி என்று போட்டிருக்கும் கூத்து 13ஆம் தேதி காலை 6 மணிக்குத்தான் முடியும். துரியோதனன் வீழ்கிற படுகளமும் தீமிதியும் மறுநாள் தேதியில் தனியாக அச்சாகியிருக்கும். இதில் குழம்பி ஒரு நாள் தள்ளி வந்து நிற்கிறவர்கள் ஒவ்வொரு விழாவிலும் உண்டு. இரண்டு, ஜமா எனப்படும் கூத்துக் குழுவின் பெயரும் அதை நடத்தும் வாத்தியாரின் பெயரும். எல்லா இரவும் ஒரே ஜமாதான் ஆடும் என்றில்லை. சில ஊர்களில் பாதி விழாவுக்கு ஒரு ஜமா, மீதிக்கு வேறொன்று. மூன்று, விழாக்குழுவின் தொலைபேசி எண். கிளம்புகிற அன்று மத்தியானம் கட்டாயம் ஒரு முறை பேசிவிடுங்கள். கோடை மழை கொட்டியிருக்கலாம், ஊரில் சாவு விழுந்திருக்கலாம், போலீஸ் அனுமதி இழுத்துக்கொண்டிருக்கலாம். ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை கட்டுப்பாடு போடும் 2000ஆம் ஆண்டு விதிகளைக் காட்டி நேரத்தைக் குறைக்கச் சொல்வதும் உண்டு. சாதித் தகராறில் விழாவே நின்றுபோவதும் புதிதல்ல. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோவிலுக்கு 2023 ஜூனில் சீல் வைக்கப்பட்டது அப்படித்தான்.

இப்போது நாள் கணக்கு. விழா 10 நாளும் இருக்கும், 20 நாளைத் தாண்டியும் போகும். முதல் நாட்களில் கொடியேற்றமும் சொற்பொழிவும் மட்டும் இருக்கும்; கூத்து பெரும்பாலும் கடைசி எட்டுப் பத்து இரவுகளில்தான். வரிசை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். திரௌபதி கல்யாணம் என்கிற வில்வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், சூதாட்டமும் துகில் உரிதலும் வரும் பகடை துகில், அர்ச்சுனன் தபசு, விராட பர்வத்தில் கீசகன் வதமோ மாடு திருப்பும் சண்டையோ, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், கடைசியாகப் பதினெட்டாம் போர். அது விடிந்ததும் படுகளம், சாயங்காலம் தீமிதி, மறுநாள் தர்மர் பட்டாபிஷேகம். வில்லிபுத்தூரார் தம் பாரதத்தைப் பத்துப் பருவங்களோடு, போர் முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டார். சொற்பொழிவு பெரும்பாலும் அதை ஒட்டியே போவதால் விழாவும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால் உங்களுக்கு இரண்டு வருகை போதும்: பகடை துகில் இரவு ஒன்று, படுகளப் பகல் ஒன்று. ஏனென்றால் இவை இரண்டும் ஒரே முடிச்சின் இரு நுனிகள். துகில் இரவில் சபை நடுவே இழுத்து வரப்பட்ட திரௌபதி கூந்தலை விரித்துப் போட்டுச் சபதம் செய்கிறாள். துரியோதனன் ரத்தத்தை எண்ணெயாகத் தடவி, அவன் விலா எலும்பைச் சீப்பாக்கி, குடலைப் பூவாகச் சூடினால்தான் முடிப்பேன் என்கிறாள். அந்தக் கூந்தல் முடியப்படுவது படுகளத்தில். நடுவில் நடக்கிற அத்தனை இரவுகளும் இதற்குப் போய்ச் சேரும் வழிதான். பதினெட்டாம் போர் இரவை மட்டும் பார்க்க வருகிறவர்களை விட, துகில் பார்த்துவிட்டுப் படுகளத்துக்குத் திரும்பி வருகிறவர்களுக்குக் கதை முழுசாகக் கிடைக்கும்.

மூன்றாவதாக ஒரு இரவு கிடைத்தால் கர்ண மோட்சம். போருக்குக் கிளம்பும் கர்ணனுக்கும் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கிற நீண்ட வாக்குவாதம்தான் அதன் உயிர். வில்லிபாரதத்தில் தேடினால் அது அகப்படாது, கூத்தின் சொத்து. நல்ல குரல் உள்ள கர்ணன் வேஷக்காரரும், எதிர்ப்பாட்டுக்கு ஈடு கொடுக்கும் பெண் வேஷக்காரரும் அமைந்துவிட்டால் அந்த ஒரு காட்சி இரண்டு மணி நேரம் ஓடும், ஒரு ஆள் எழுந்து போக மாட்டார். சாவு வீட்டுக் காரியங்களிலும் இதை ஆடச் சொல்வதால் ஜமாக்களுக்கு நன்றாகக் கைவந்த நாடகம்.

பையனுக்காக ஒரு பகல் நிகழ்ச்சியைச் சேர்த்துக்கொள்ளலாம்: பகாசுரன் வதம். பீமன் வேஷக்காரர் மாட்டுவண்டியில் சோறும் பண்டமுமாக ஏறி உட்கார்ந்து தெருத்தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுவந்து போடுவார்கள். அவரும் வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டே கூட்டத்தைச் சிரிக்கவைப்பார். 10 வயதுக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. தபசும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 50, 60 அடி உயரத் தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே அர்ச்சுனன் ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சை, வில்வம், விபூதி எல்லாம் வீசுவார். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். அந்த இடம் அவர்களுடையது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் விலகியே நிற்க வேண்டும். எலுமிச்சை விழும்போது நெரிசல் பயங்கரமாக இருக்கும், பையன் கையை விட்டுவிடாதீர்கள். மரம் ஏறுவது சில ஊரில் விடியற்காலை, சில ஊரில் பகல் வெயிலில். நோட்டீஸைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கூத்து இரவு எப்படி நகரும் என்று தெரிந்துகொண்டால் பாதி அலுப்பு போய்விடும். நோட்டீஸில் 10 மணி என்றால் 10:30, 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஜமா முந்தின ராத்திரி வேறொரு ஊரில் ஆடிவிட்டு, பகலில் எங்கோ திண்ணையில் கண் அயர்ந்து, வேனில் வந்து இறங்கியிருக்கும். 12, 15 பேர் இருப்பார்கள். வந்ததும் களரிக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் பெட்டியைத் திறந்து, கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்வார்கள். இதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முடிந்தால் 9 மணிக்கே போய் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஓரமாக நின்று பாருங்கள். பையன் அன்றைக்குப் பார்க்கப் போவதில் பாதி இங்கேயே இருக்கிறது. கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனன் துச்சாதனனுக்குச் சிவப்பு என்று நிறத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. கனமில்லாத மரம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியும் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காகச் சுழன்று ஆடுவது லேசான காரியமல்ல. கட்டி முடித்த கட்டையை, அதாவது இந்த மர அணிகளை, தொட்டுப் பார்க்கக் கேட்காதீர்கள். பலர் கிரீடத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் தலையில் வைப்பார்கள்.

முதலில் வாத்திய முழக்கம்; இதைக் களரி கட்டுவது என்பார்கள். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல், தாளம் எல்லாம் சேர்ந்து நெடுநேரம் முழங்கும். 'இன்னும் தொடங்கவில்லை' என்று டவுனிலிருந்து வருகிறவர்கள் செல்பேசியை எடுத்துவிடுவது இங்கேதான். பக்கத்துத் தெருவுக்கும் கொல்லைமேட்டுக்கும் 'வாங்க, ஆரம்பிச்சாச்சு' என்று சொல்கிற முழக்கம் அது. பிறகு கடவுள் வாழ்த்து. பிறகு கட்டியங்காரன் வருவான். அவன் கோமாளி மட்டுமல்ல: கதை சொல்லி, வாயிற்காவலன், தேரோட்டி, தோழி, ஊர்க்காரன் எல்லாம் அவன்தான். பாட்டு புரியாத உங்களுக்கு அந்த ராத்திரியின் துணையும் அவனே.

பெரிய வேஷம் ஒன்று உள்ளே வரும் விதத்தை ஒருமுறை கவனித்துப் பார்த்துவிட்டால் மற்ற எல்லாம் பிடிபடும். இரண்டு பேர் ஒரு திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். கீழே சலங்கை கட்டிய கால். துரியோதனன் உள்ளேயிருந்தபடியே முதலில் ஒரு விருத்தத்தை இழுப்பார், தாளமே இல்லாமல். பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு தாளத்தோடு தன் பெருமையைத் தானே யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல 'ராஜன் வந்தானே' என்கிற தோரணையில் பாடுவார். துணி ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கும், சிவந்த முகத்தில் பாதி தெரியும், மறுபடி மறையும். பத்து நிமிடம், சில சமயம் இன்னும் கூடுதலாக இந்த விளையாட்டு நடக்கும். திரை விலகியதும் ஒரே பாய்ச்சல், களரி முழுக்கச் சுற்றிக் கிறுகிறுவென்று ஆட்டம். ஆடி ஓய்ந்து நின்றதும் கட்டியங்காரன் 'யாருங்க நீங்க, எந்த ஊரு' என்று ஆரம்பிப்பான். துரியோதனன் தன் குலம் கோத்திரம் எல்லாம் வசனத்தில் சொல்வார். அதாவது, பாட்டில் போனது வசனத்தில் திரும்பி வரும். வசனத்தில் போனதைக் கட்டியங்காரன் நக்கலடித்து மூன்றாவது முறை சொல்வான். விருத்தத்தில் நான்கு சொல் தவறிவிட்டதே என்று பதற வேண்டாம். குரலை மட்டும் கேளுங்கள், சேதி பின்னால் வருகிறது.

முன்னேற்பாடாகக் கதைச் சுருக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு வருவது நல்லது. ஆனால் சின்ன வயதில் படித்த பாரதத்தை வைத்துக்கொண்டு 'இது மூலத்தில் இல்லையே' என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு இதுதான் மூலம்.

இரவு 11 முதல் 1 வரை நிதானமாகத்தான் போகும். தர்பார், பெருமை, சிரிப்பு, நடுநடுவே அன்பளிப்பு. யாராவது 100 ரூபாய் கொடுத்தால் கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கொடுத்தவர் பேர், அப்பா பேர், தெரு எல்லாம் மைக்கில் சொல்லி வாழ்த்துவான். இதில் எரிச்சல்பட ஒன்றுமில்லை. கொடுக்க விரும்பினால் சில்லறை நோட்டாக வைத்துக்கொண்டு கட்டியங்காரனிடமோ ஆர்மோனியக்காரரிடமோ கொடுங்கள். உச்சக்கட்டத்தில் எழுந்து போகாதீர்கள்.

கதை சூடு பிடிப்பது 2 மணிக்குமேல். துகில் உரிதல் 3, 4 மணிக்குத்தான் வரும். 1 மணிக்குக் கண் சொக்கி 'பார்த்தாச்சு, கிளம்பலாம்' என்று எழுகிறவர்கள் முன்னுரையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வழக்கமாகக் கூத்து பார்க்கிறவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள்: சாயங்காலம் 6 முதல் 9 வரை வீட்டில் நன்றாகத் தூங்கிவிட்டு வருவார்கள், அல்லது 11:30க்குப் பாயில் சாய்ந்து, 2 மணிக்கு எழுப்பச் சொல்லிவைப்பார்கள். அம்மாவுக்கும் பையனுக்கும் இதுதான் வழி. களரி ஓரத்தில் தூங்குவது அவமரியாதை இல்லை. பாதி ஊர் அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும். முகவீணை ஏறுகிற விதத்திலேயே தானாக விழிப்பு வந்துவிடும்.

துகில் கட்டத்தில் மட்டும் நடத்தை மாறும். துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். அந்த நேரம் திரௌபதி வேஷத்தில் நிற்பவர் ஆண் என்பதோ, முந்தாநாள் டீக்கடையில் பார்த்த முகம் என்பதோ யாருக்கும் நினைவில் இருக்காது. கூட்டத்தில் பெண்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். சிலருக்குச் சாமி வரும். அம்மா பக்கத்தில் யாருக்காவது ஆவேசம் வந்தால் நீங்கள் பிடிக்கப் போக வேண்டாம், கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்துகொள்ளுங்கள், வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். செல்பேசியை அப்போது உள்ளே வைத்துவிடுங்கள். மற்ற நேரம் படம் எடுப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை, ஆனால் பிளாஷ் வேண்டாம்: வேகமாகச் சுற்றுகிறவர் கண்ணில் வெளிச்சம் அடித்தால் தடுமாறி விழுவார். சாமி வந்தவர்களைப் படம் எடுத்தால் சண்டை நிச்சயம், அதில் நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

உட்காரும் இடம். களரி 15, 20 அடி சதுரம் இருக்கும். ஒரு பக்கம் வாத்தியக்காரர்கள் பெஞ்சு போட்டிருப்பார்கள். மற்ற மூன்று பக்கமும் ஜனம். சில ஊர்களில் இப்போது மேடையே கட்டிவிடுகிறார்கள், அங்கே எதிர்ப்பக்கம் மட்டும்தான். முன்வரிசை பிள்ளைகளுக்கு. அதில் உட்கார முயல வேண்டாம். 12 மணிக்கு அவர்கள் தூங்கிப்போனதும் பெரியவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள், அப்போது தாராளமாக முன்னால் நகரலாம். பல ஊர்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் உட்காருவார்கள். வந்ததும் எப்படி என்று பார்த்துவிட்டுப் பாயை விரியுங்கள். ஒப்பனைக் கொட்டகையிலிருந்து களரிக்கு வரும் பாதையை அடைத்துவிடாதீர்கள். சண்டைக் காட்சியில் கட்டை கட்டியவர் கத்தியோடு ஓடிவருவார், கீழே படுத்திருக்கும் கால் அவருக்குத் தெரியாது. ஸ்பீக்கருக்குப் பத்தடிக்குள் உட்கார்ந்தால் காது மறுநாள் மத்தியானம் வரை இரையும். பக்கவாட்டில், ஆர்மோனியக்காரர் முகம் தெரிகிற கோணம்தான் என் கணக்கில் சிறந்தது. அடுத்து எந்தப் பாட்டு, யார் எடுக்கப் போகிறார் என்பது அந்தக் கண்ஜாடையிலேயே தெரிந்துவிடும்.

எடுத்துப்போக வேண்டியது அதிகம் இல்லை. ஆளுக்கு ஒரு பாய் அல்லது மொத்தத்துக்கு ஒரு பெரிய ஜமக்காளம். தலையணைக்குப் பதில் துணிப்பை. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். மெல்லிய போர்வை: சித்திரையில் எதற்கு என்று கேட்பீர்கள், 3 மணிக்குமேல் வயல்காற்றும் பனியும் இறங்கும்போது தெரியும். கொசுவுக்குப் பூசிக்கொள்ளும் களிம்பு. டார்ச் லைட், ஏனென்றால் கழனி ஓரம் ஒதுங்கப் போகும்போது பாம்பு பயம் நிஜம். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுப் பாய்க்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைக் கூட்டத்தில் அது கிடைக்காது. டீ, பஜ்ஜி, சுண்டல், பொரி விற்கும் தள்ளுவண்டிகள் 1, 2 மணி வரை இருக்கும், அதன்பின் டீ மட்டும் கிடைத்தால் அதிர்ஷ்டம். அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை இருந்தால் ராத்திரி வேளைக்கும் காலை வேளைக்குமாகக் கையில் இருக்கட்டும்; கூடவே பிஸ்கட்டோ வாழைப்பழமோ. கீழே உட்கார முடியாதவர் என்றால் மடக்கு நாற்காலி ஒன்று, கடைசி வரிசையில். முன்னால் போட்டால் பின்னால் இருப்பவர்கள் சத்தம் போடுவார்கள்.

பெண்களுக்குப் பெரிய சிக்கல் கழிப்பறைதான். மறைத்துச் சொல்வதில் பயனில்லை. விழா நடக்கும் திடலில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. விழாக்குழுவிடம் தொலைபேசியில் பேசும்போதே 'அம்மா வராங்க, பக்கத்து வீட்ல யார்கிட்டயாவது சொல்லி வைக்க முடியுமாண்ணே?' என்று கேட்டுவிடுங்கள். கூத்து பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஊர்க்காரர்கள் விருந்தாளியாகத்தான் நடத்துவார்கள். வீட்டைத் திறந்துவிடுவார்கள், சாப்பிடவும் சொல்வார்கள். கேட்காமல் இருந்தால்தான் கஷ்டம்.

படுகளத்துக்கு வேறு தயாரிப்பு. இங்கே எதிரி வெயில். மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை கத்திரி. காலை 10 மணிக்கே மண் சுடும். திடலில் துரியோதனன் மல்லாந்து கிடப்பார், களிமண்ணில் செய்த உருவம், ஊர் வசதிக்கேற்ப 50 அடியும் இருக்கும், 100 அடியும் இருக்கும். வண்ணம் பூசி, மீசை முறுக்கி, கண் விழித்தபடி. கூத்து விடிந்த கையோடு பீமனும் துரியோதனனும் வேஷத்தைக் கலைக்காமல் இங்கே வந்து, அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றித் துரத்திக்கொள்வார்கள். துரியோதனன் அதன் மேலேயே ஏறி நின்று சவால் விடுவார். ராத்திரி முழுக்க ஆடிய உடம்பு, குரல் கம்மிப்போயிருக்கும், முகச்சாயம் வியர்வையில் வழியும். இருந்தாலும் அந்த ஓட்டம் குறையாது. கடைசியில் பீமன் தொடையில் கதாயுதத்தால் அடிப்பார். மண்தொடைக்குள் முன்னமே வைத்திருக்கும் செந்நீர் பீறிட்டு வரும். அதை எடுத்துத் தடவித் திரௌபதியின் கூந்தலை முடிப்பார்கள். துகில் இரவில் விரிந்த கூந்தலைப் பார்த்தவருக்கு இந்த ஒரு நிமிடத்துக்கு விளக்கம் தேவையில்லை. உடனே எதிர்த் தரப்பில் ஒப்பாரி எழும்பும். ஜெயித்த கட்சியைப் போலவே தோற்ற கட்சிக்கும் அழுதுவிட்டுத்தான் ஊர் கலையும். போகும்போது அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போவார்கள்.

நிற்க வேண்டிய இடம் உருவத்தின் கால்மாட்டுக்கும் தொடைக்கும் நடுவே, ஆனால் கயிற்றுக்கு வெளியே. தலைமாட்டில் நின்றால் முகம் நன்றாகத் தெரியும், தொடை தெரியாது. ஓட்டம் கூட்டத்துக்குள்ளும் பாயும். பையனைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள். அம்மாவை 9 மணிக்கே நிழலுள்ள திண்ணையோ மரத்தடியோ பார்த்து உட்காரவைத்துவிடுங்கள். மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் கையில் இருக்கட்டும். திடலில் செருப்பு கூடாது என்று சொல்லும் ஊர்களில் பழைய சாக்கு ஒன்றை விரித்து அதன் மேல் நின்றால் கால் தப்பிக்கும்.

சாயங்காலத் தீமிதிக்கு இருப்பது உங்கள் விருப்பம். மூன்று பேரும் முந்தின இரவு விழித்திருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். கூட்டம் படுகளத்தைவிடப் பல மடங்கு, வெளியேற வழி குறைவு. இருந்தால் தீக்குண்டம் முடிகிற கோடியில் நிற்காதீர்கள். மிதித்து வருகிறவர்கள் ஓடிவந்து விழுவது அங்கேதான். காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள்தான் இறங்குவார்கள். ஆசையில் குதிக்கிற வேலை எல்லாம் வைத்துக்கொள்ளக் கூடாது.

முழு இரவு நிச்சயம் முடியாது என்றால் மாற்று வழி இருக்கிறது. செய்யாறு பக்கத்துப் புரிசையில், கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரானின் பரம்பரை இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது; காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. இவர்கள் நகர மேடைகளிலும் ஆடுகிறார்கள், இரண்டு மணி நேரச் சுருக்கத்தில். ஆட்டமும் பாட்டும் அங்கே தெளிவாகத் தெரியும், குறை சொல்ல முடியாது. கிடைக்காதது அந்த 1 மணி முதல் 4 மணி வரைக்குமான மெதுவான ஏற்றம் மட்டும். பையனுக்கு முதல் தடவை இதைக் காட்டிவிட்டு, அடுத்த கோடையில் ஊருக்குக் கூட்டிப்போவதும் நல்ல யோசனைதான்.

கடைசியாகத் திரும்புகிற பாடு. கிராமத்து டவுன் பஸ் ராத்திரி 9, 10 மணிக்கு நின்றுவிடும்; காலையில் முதல் பஸ் 5 மணி வாக்கில். பஸ்ஸில் வந்தால் கூத்து முடியும்வரை உங்களுக்கு வேறு வழியே இல்லை, அதுவும் ஒரு வகையில் நல்லது. காரில் வந்தால்தான் ஆபத்து. விடிய விடிய விழித்திருந்துவிட்டு 6 மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். கோவில் மண்டபத்திலேயே பாயை விரித்து 9 மணி வரை தூங்குங்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். எழுந்து முகம் கழுவி, டிபன் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறினாலும் பரவாயில்லை என்று அப்புறம் வண்டியை எடுங்கள்.